நாலாவது அக்காவின் சிரிப்பு

என் ஜோக்குகள் நல்ல ஜோக்குகள் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? சொன்னவுடன் எதிரே இருப்பவர்கள் சிரித்தார்கள். தலைவலிக்காரர் சிரித்தார், முழங்கால் வலிக்காரர் சிரித்தார், பல்வலிக்கு என்னிடம் தப்பாக வந்து சேர்ந்த ஒருவர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில், ஓர் அச்சகத்துக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே இரண்டு அறை உள்ள கிளினிக் என்னுடையது. முன்னறையில் நோயாளிகள் காத்திருப்பார்கள். உள்ளறையில் நானும் என் மேஜையும் ஒரு பரிசோதனைக் கட்டிலும். உள்ளே இருந்து வருகிற சிரிப்புச் சத்தத்துக்காகவே பாதிப்பேர் என்னிடம் வருகிறார்கள் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அந்தப் பெருமையில் முதலில் ஊசி குத்தியவர் எங்கள் சிஸ்டர். மல்லாங்கிணறு பக்கத்துக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில், "எல்லாரும் எம்புட்டு ரசிச்சுச் சிரிக்கிறாக, பாத்தீகளா சிஸ்டர்?" என்றேன்.

அவர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "ரசிக்கிறாகன்னு யாரு சொன்னா? சிரிக்கலைன்னா பெரிய ஊசியாப் போட்டுருவீகன்னு சிரிக்கிறாக மேடம்" என்றார்.

இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் கோபம் தணிந்த பிறகு என் காது சும்மா இருக்கவில்லை. யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தது. சிஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. என்னைவிட நோயாளிகள்தான் அதிகம் சிரித்தார்கள். என் ஜோக்குக்கு மட்டுமல்ல, தாங்கள் சொல்ல வருகிற விஷயத்துக்கும் முன்கூட்டியே சிரித்தார்கள். லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிற ஒருவர் வந்து, "நெஞ்சு லேசாப் பிடிக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல, ஹிஹி" என்றார். அந்த ஹிஹியை நம்பியிருந்தால் அவர் இன்று இல்லை. அவரை அப்போதே மதுரைக்கு அனுப்பினோம். இப்போது மாதம் ஒருமுறை வந்து முழுச் சிரிப்பாகச் சிரித்துவிட்டுப் போகிறார். "பீடியா? விட்டுட்டேம்மா" என்று சொல்லும்போது மட்டும் பழைய ஹிஹி வந்துவிடும். அதை வைத்தே அவர் விடவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

இப்படிச் சில மாதத்தில் நான் பெரிய நிபுணராகிவிட்டேன். இது வெட்கச் சிரிப்பு, இது பயச் சிரிப்பு, இது போதும் ஆளை விடுங்கள் என்கிற சிரிப்பு என்று தரம் பிரித்து வைத்திருந்தேன். சிரிக்கவே சிரிக்காத ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை.

தைப் பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்கள். அன்று வேனிலிருந்து நான்கு பெண்கள் இறங்கி நேராக உள்ளறைக்குள் வந்தார்கள். முதலில் வந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர். கிளினிக்கில் அவருக்கு பி.பி. அக்கா என்றே பெயர். அவர் பேச ஆரம்பித்தால் பரோட்டாக் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்பார். மற்ற மூவரும் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள். விரல் நுனியெல்லாம் வெள்ளி பூசியது மாதிரி மின்னியது.

நால்வரும் உள்ளே வந்து நின்ற மறுகணம், கடைசியில் இருந்தவர் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றேன்.

மூன்று பேரும் வாசலைக் காட்டினார்கள். "அந்தா, அவளுக்குத்தான்."

"அப்ப அவுக ஏன் வெளிய போறாக?"

"அஞ்சு பேராச்சுல்ல டாக்டரம்மா!" என்றார் பி.பி. அக்கா, இதைக்கூடவா கேட்பது என்கிற மாதிரி.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து புழங்குகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஐந்தாவது ஆள் உள்ளே கால் வைத்தால் போர்மேன் அங்கேயே சத்தம் போடுவார். வருஷக்கணக்காக அப்படியே பழகியவர்களுக்கு எந்த அறைக்குள் போனாலும் கண் தானாகத் தலைகளை எண்ணிவிடுகிறது. என்னையும் சேர்த்து ஐந்து ஆனதும், உடம்பு சரியில்லாதவரே மரியாதையாக வெளியேறிவிட்டார். துணைக்கு வந்தவர்கள் உள்ளே, நோயாளி வெளியே. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். "இந்த ரூம்ல வெடிக்கிறதுக்கு என்னைத் தவிர ஒண்ணுமில்ல, உள்ள வாங்க!" என்று கத்தினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். வெளியே போனவர் உள்ளே வந்தார். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பி.பி. அக்கா யாரும் சொல்லாமலே வாசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே எல்லாவற்றையும் பேசினார்.

நாலாவது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நீர்க்கடுப்பு. போன மாதமும் வந்திருக்கிறது, வேறு யாரிடமோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் என்றார். எனக்கு வந்ததே கோபம். கோபத்தோடு ஜோக்கும் சேர்ந்து வந்தது. "ஒங்க ஆபீஸ்ல ரூமுக்கு ரூம் வாசல்ல தண்ணி வாளி வச்சிருக்காகளே, எதுக்கு? தீப்பிடிச்சா அணைக்கத்தான? ஒங்களுக்கு உள்ள தீப்பிடிச்சு எரியுது, ஒரு வாளி ஊத்த மாட்டேங்கிறீகளே!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலுக்கு வெளியே பி.பி. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நாலாவது அக்கா மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, என் பின்னால் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூஞ்சியில் அடித்தது போல் இருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு சிஸ்டரிடம், "சரியான உம்மணாமூஞ்சி" என்றேன்.

அடுத்த மாதம் பி.பி. அக்கா மாத்திரைக்குத் தனியாக வந்தார். வழக்கமான சத்தம் இல்லை. அழுத்தமும் ஏறியிருந்தது. என்னவென்று கேட்டதும் கண் கலங்கிவிட்டார்.

"அவ எங்களை விட்டுப் போறா டாக்டரம்மா. வேற செக்சன் கேட்டிருக்கா. லேபிள் ஒட்டுற பக்கம். பதினாலு வருசமா நாங்க நாலு பேரும் ஒரே ரூமு. அவ இல்லைன்னா எங்களுக்குப் பொழுதே போகாது."

"அவுகளா? அவுக வாயே தொறக்க மாட்டாகளே?"

"யாரு? அவளா?" பி.பி. அக்கா அழுகையிலேயே சிரித்துவிட்டார். "அவ போர்மேன் மாதிரிப் பேசுவா, மொதலாளி மாதிரி நடப்பா, சோதனைக்கு வாற ஆபீசர் மாதிரி மூக்கைச் சுளிப்பா. போன் கிடையாது, ரேடியோ கிடையாது, நாள் முழுக்க அவதான் எங்களுக்கு எல்லாம். மார்கழியிலருந்து இப்படி ஆயிட்டா. சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிறா. நாங்க சிரிச்சா எரிஞ்சு விழுறா. நான்தான் ஏதோ வாய் தவறிச் சொல்லிப்புட்டேன் போல. அவ மகளுக்கு மாப்பிள்ளை அமையலைன்னு ஒருநா பேசினேன். அதா இருக்கும். கேட்டா சொல்ல மாட்டேங்கிறா."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "நீங்கதான் ஆளைச் சிரிக்க வைப்பீகளே. அவளையும் ஒருவாட்டி சிரிக்க வச்சுருங்க. சிரிச்சுட்டான்னா மனசுல உள்ளதைச் சொல்லிருவா. நம்மூரு கோயில் பங்குனிப் பொங்கல் முடிஞ்சதும் மாத்திருவோம்னு போர்மேன் சொல்லிட்டாரு."

இதைவிட என்னை உசுப்பேற்ற வேறு வார்த்தையே வேண்டாம். அந்த அக்காவைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன். நாலு பேரின் பதினாலு வருஷ சிநேகிதம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அதில் என் கௌரவமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாலாவது அக்காவுக்கு மூன்றாவது தடவையாகக் கடுப்பு வந்தது. இந்த முறை சிறுநீரைச் சோதித்துப் பார்க்காமல் மருந்து தரமாட்டேன் என்று சொல்லி, மறுநாள் வேலைக்குப் போகும் முன் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் வரச் சொன்னேன். சொன்னபடியே காலையில் வந்தார், தனியாக. சிஸ்டர் சிறுநீர் எடுக்கிற பாட்டிலைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்கு இதைவிட நல்ல நேரம் எது?

என்னிடம் இருந்ததிலேயே பெரிய சரக்கை எடுத்தேன். நான் முதல்முறை ஒரு பட்டாசு ஆபீஸில் மருத்துவ முகாமுக்குப் போன கதை. கேட்டில் என் போனை வாங்கிக்கொண்டார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டையில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? போர்மேன் என் சேலையைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாலியஸ்டரா? உள்ள விட முடியாதும்மா" என்றார். உரசினால் பொறி கிளம்புமாம், பருத்தி இல்லாமல் உள்ளே போக முடியாது. நூறு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் கணக்கர் அறைக்குள் போய், போர்மேனின் சலவை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, அவருடைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, தலைமுடி விரிந்த கோலத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெரியவர் எதிரே உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டையைத் தூக்குங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்றேன். அவர் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போர்மேன் பக்கம் திரும்பி, "ஏலே, இந்தப் பூசாரியை யாருலே கூப்பிட்டது? டாக்டரம்மா எப்பம்லே வருவாக?" என்று கேட்டார்.

போர்மேன் குரலையும் பெரியவர் குரலையும் நடித்தே காட்டினேன். பூசாரியில் நாலாவது அக்காவின் உதடு நடுங்கியது. கையால் வாயைப் பொத்தினார். பிறகு பொத்திய கை தாங்காமல் சிரிப்பு வெடித்தது. அடேயப்பா, அது என்ன சிரிப்பு! இவ்வளவு நாள் உள்ளே பூட்டி வைத்திருந்த சிரிப்பு. பக்கத்து அச்சகத்தில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கையைத் தட்டாததுதான் பாக்கி.

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் முகம் வெளிறிவிட்டது. கால்களைப் பின்னிக்கொண்டு குனிந்தார். "அய்யோ" என்று மெல்லச் சொன்னார். எழுந்தார். தூக்குவாளிப் பையைப் பின்பக்கம் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசல் வரைக்கும் போய், சட்டென்று திரும்பி ஓடிவிட்டார். நாற்காலி ஈரமாக இருந்தது.

நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஏன் தண்ணீர் குடிப்பதில்லை, ஏன் கடுப்பு விடாமல் வருகிறது, ஏன் சிரிப்பு வருகிற இடத்தில் எல்லாம் உதட்டை இறுக்குகிறார். ஒரு மருத்துவருக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். நான் அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அந்த நேரத்தில் வாளி ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போதாதென்று, தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வா என்று நானே வரச்சொல்லி, நானே சிரிக்க வைத்திருக்கிறேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. சிஸ்டர் துணியோடு வந்தார். அவர் கையிலிருந்து வாங்கி நானே துடைத்தேன்.

"எனக்கும் உண்டு மேடம்" என்றார் சிஸ்டர், ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டே. "ரெண்டாவது பிரசவத்துக்குப் பெறகு. தும்முனா, சிரிச்சா. அதான் நீங்க ஜோக் சொல்லுறப்ப நான் முன்னறைக்குப் போயிருவேன்."

"பதினோரு வருசமா கூட இருக்கீக. ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"ஜோக் அடிச்சுருவீகன்னுதான்" என்றார்.

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னார்.

நாலாவது அக்கா திரும்பி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பி.பி. அக்கா மூலம் சொல்லி அனுப்பினால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் சிஸ்டர்தான், "பாட்டிலைக் குடுக்கலைன்னு நான் போய்க் குடுத்துட்டு வாரேன்" என்று அவர் வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் சிறுநீர் பாட்டில் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில், அவரும் வந்தார். உள்ளே நான், சிஸ்டர், அவர். மூன்று பேர்.

அன்று நான் ஜோக் சொல்லவில்லை. எனக்கு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் குடும்பத்தாரைக் கேட்டால் தெரியும். "அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சுருங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அய்ய, அது ஒண்ணுமில்லம்மா, ஹிஹி" என்றார்.

அந்த ஹிஹியை எனக்குத் தெரியும். முன்பென்றால் நானும் கூடச் சேர்ந்து சிரித்து விஷயத்தை முடித்துவிட்டிருப்பேன். அன்று சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹிஹி தானாகத் தேய்ந்து நின்றது. அவர் முந்தானையை விரலில் சுற்றினார்.

"மார்கழியில ஒரு மாசமா இருமல் இருந்துச்சு. அதுலருந்துதான். ஒருநா போர்மேன் மாதிரிப் பேசிக் காட்டினேன். அவளுக சிரிச்சாளுக, நானும் சிரிச்சேன். கீழ சாக்கெல்லாம் நனைஞ்சு போச்சு. என்ன செய்யுறதுன்னு தெரியாம, பக்கத்துல இருந்த தண்ணிப் பாட்டிலைத் தட்டி விட்டுட்டேன். பின்னி வச்ச சரம் பூராம் நனைஞ்சு பாழ். மருந்து ரூம்ல தண்ணியைக் கொட்டுறியேன்னு போர்மேன் எல்லார் முன்னாலயும் வஞ்சுட்டாரு. அதான் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். அவளுக மொகத்தைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும், அதான் சுவத்தைப் பாத்து உக்காந்தேன்." விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தார். "லேபிள் செக்சன்ல எல்லாம் புதுப் புள்ளைக. அங்கன போயிட்டா என்னைச் சிரிக்க வைக்க ஆளில்லை. அவளுகளை விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையாம்மா?"

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். நான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். இடுப்புக்கு அடியில் தொட்டில் துணி மாதிரி ஒரு தசை இருக்கிறது, மூன்று பிரசவத்தில் அது தளர்ந்திருக்கும், ஒரு மாத இருமலில் இன்னும் தளர்ந்திருக்கும், அதை இறுக்கப் பயிற்சி இருக்கிறது என்று விளக்கினேன். ஒன்றுக்கு வருவதை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஐந்து எண்ண வேண்டும், விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும். குறையாவிட்டால் அடுத்த வைத்தியம் இருக்கிறது. தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது.

"உக்காந்து வேலை பாக்கறப்பச் செய்யலாமா?"

"தாராளமாச் செய்யலாம். பக்கத்துல இருக்கறவுகளுக்குக்கூடத் தெரியாது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? புஸ்தகத்துலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நானும் செய்யுறேன்" என்றேன். "தும்முனா எனக்கும் உண்டு."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நாலாவது அக்காவின் உதட்டு ஓரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. மூன்று பேரும் அங்கேயே ஒருமுறை இறுக்கி, ஐந்து எண்ணி, விட்டோம். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சிநேகிதிகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம் என்றேன். "அவகிட்ட சொன்னா தீவாளி வரைக்கும் அதையே பேசிச் சிரிப்பாம்மா" என்று பி.பி. அக்காவை நினைத்துப் பயந்தார். சொல்லாமலே போய்விடுவது என்றுதான் முடிவாக இருந்தது போலத் தெரிந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பங்குனிப் பொங்கல் முடிந்தது, வெயில் காலம் முடிந்தது. நடுவில் ஒருமுறை பி.பி. அக்கா மாத்திரைக்கு வந்தபோது எனக்குக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் ஒரு மாதிரி சிமிட்டிவிட்டுப் போனார். நாலாவது அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடுப்பும் வரவில்லை போலும்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், சீசன் சூடு பிடித்து ஆர்டர் குவிகிற நேரம். வேன் நின்றது. நாலு பேரும் இறங்கி நேராக உள்ளறைக்கு வந்தார்கள். பி.பி. அக்கா கதவைச் சாத்தினார்.

"போர்மேன் எங்க மேல சந்தேகப்படுறாரு டாக்டரம்மா. நீங்கதான் பொறுப்பு."

"நான் என்ன செஞ்சேன்?"

"பேசிக்கிட்டே இருக்கோம், திடீர்னு நாலு பேரும் கம்முனு ஆயிருறோம்ல. அஞ்சு எண்ணனுமே! பத்து வாட்டி! அவரு வாசல்ல நின்னு பாத்துட்டு, என்னத்தா, ஸ்ட்ரைக் பண்ணப் போறீகளா, இல்ல சாமி கும்பிடுறீகளான்னு கேக்காரு."

பிறகு கதை முழுவதும் வந்தது. செக்சன் மாறுவதற்கு முந்தின சனிக்கிழமை, பி.பி. அக்கா வேலையைப் போட்டுவிட்டு அழுதிருக்கிறார். நான் என்ன தப்புச் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் போ என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அழுகையைத் தாங்க முடியாமல் நாலாவது அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு அவர்களில் மூத்தவர், "இம்புட்டுத்தானா? நான் ரெண்டு வருசமாத் துணியை மடிச்சு வச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கேன்" என்றாராம். மூன்றாமவர், "நான் தும்மறப்ப ஏன் எந்திரிச்சு நிக்கிறேன்னு நெனைச்சீக?" என்றாராம்.

"எனக்கு மட்டும்தான் ஒண்ணுமில்ல" என்றார் பி.பி. அக்கா, ரொம்பக் குறைபட்டுக்கொண்டு. "இருந்தாலும் சேந்து எண்ணுறேன். பின்னால வந்துட்டா?"

நாலாவது அக்காவைப் பார்த்தேன். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார், பாதி காலி. லேபிள் செக்சனுக்குப் போகவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது என்றார். "நேத்து அவ மொதலாளி கார்ல ஏறுற மாதிரி நடந்து காட்டினா. நாங்க மூணு பேரும் உருண்டோம். அவ மேல ஒரு சொட்டு இல்ல" என்று சாட்சி சொன்னார் மூத்தவர்.

"இன்னொண்ணும் கத்து வச்சிருக்கா. காட்டு புள்ள, டாக்டரம்மாகிட்டக் காட்டு" என்று பி.பி. அக்கா உசுப்பினார்.

நாலாவது அக்கா முதலில் வெட்கப்பட்டார். பிறகு என் மேஜையில் கிடந்த என் மூக்குக் கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் மாட்டினார். தாடையை உயர்த்தினார். ஒரு பேனாவை எடுத்து என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "ஒங்களுக்கு உள்ள தீப்பிடிச்சு எரியுது, ஒரு வாளி ஊத்த மாட்டேங்கிறீகளே!" என் குரல். என் முறைப்பு. சொல்லிவிட்டு எல்லாரும் சிரிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் சுற்றிப் பார்த்தார் பாருங்கள், அப்படியே நான்! இத்தனை வருஷம் நான் அப்படியா பார்த்துக்கொண்டிருந்தேன்?

முன்னறையிலிருந்து சிஸ்டர் ஓடி வந்தார். அவரோடு சேர்த்து உள்ளே ஆறு பேர். யாரும் எண்ணவில்லை, யாரும் வெளியே போகவில்லை. சிஸ்டர் ஓடிவிடாமல் அங்கேயே நின்று சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூச்சு முட்டியது. ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தி, காலைப் பின்னிக்கொண்டு குனிந்தேன்.

நாலாவது அக்கா அதைக் கவனித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார். "அஞ்சு எண்ணுங்க."